சட்டியைத் திருப்பித் தரமாட்டேன்

நடுவர் மேல் மெத்தையை எறிந்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெல்லம் ஊரில் கதையை வேறு மாதிரி ஆக்கிவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் என்கிறார்கள், குடை என்கிறார்கள். அதெல்லாம் இல்லை. மைதானத்தில் தகரப் பலகையின் மேல் போட்டு உட்காருகிற சிவப்பு மெத்தை, கல்லூரிச் சின்னம் போட்டது. அதுவும் அவர் மேல் விழவில்லை. பேண்டு வாசிக்கிற பையன் ஒருவனின் தொப்பி மேல் விழுந்தது.

ஏன் எறிந்தேன் என்றால், என் மகன் டேவியனை ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்பினார்கள்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஃபுட்பாலில், பெல்லம் கல்லூரி அணியின் பின்வரிசைக் காவல்காரன் அவன். முன்னால் நிற்கிற எல்லாரையும் தாண்டி எவன் பந்தோடு வந்தாலும் கடைசியாக மறித்துச் சாய்க்க வேண்டியவன் அவன்தான். அன்றைக்கு ஆட்டம் முடிகிற கட்டம். மார்லோ கல்லூரியின் கோர்ட்டெஸ் விட்லோ என்ற பையன் நடு மைதானத்தில் எகிறி இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தான். அவன் கால் தரையைத் தொடுவதற்குள் என் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதிய சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. கூட்டம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். சந்தோஷமாகத்தான் கத்தினேன். விட்லோ எழுந்திருக்கவில்லை. குற்றம் என்று காட்ட நடுவர் எறிகிற மஞ்சள் துணி வந்து விழுந்தது.

சட்டம் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தலையைக் குனிந்து எதிராளியின் தலையில் மோதினால் வெளியேற்றம். அதைப் பிற்பாதியில் செய்தால் அடுத்த ஆட்டத்தின் முற்பாதியும் போச்சு. மேலே கண்ணாடி அறையில் இருப்பவர்கள் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, தண்டனை சரி என்றார்கள். மருத்துவ ஆட்கள் அத்தனை பேரும் விட்லோவைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டை மாட்டி வண்டியில் ஏற்றும்போது அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் கை தட்டினோம், அத்தோடு எங்கள் கடமை தீர்ந்தது. டேவியனை ஒரு காவலர் தனியாக உடை மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை என்ன சாதாரண ஆட்டமா? கடைசி வருடப் பிள்ளைகள் பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நடு மைதானம் வரை நடக்கிற நாள். எதிரே கோல்ட்வாட்டர் கல்லூரி, எங்கள் பரம்பரை எதிரி. அதைவிடப் பெரிய விஷயம், பணம் கொடுத்து ஆட வைக்கிற பெரிய அணி ஒன்றிலிருந்து ஆள் தேர்வு செய்கிறவர் ஒருவர் டேவியனைப் பார்க்க வருவதாக இருந்தார். முற்பாதி மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறப் போகிறார். எங்கள் மாதிரிச் சின்னக் கல்லூரிக்கு அப்படிப்பட்டவர்கள் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்கள். அந்த முற்பாதியைத்தான் என் மகனிடமிருந்து பிடுங்கினார்கள். மெத்தை பறக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் சர்ச் முடிந்து எல்லாரும் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் தம்பி ஓடெல் கோழித் தொடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"என்ன சட்டம்க்கா இது? பையன் முழு வேகத்துல வர்றான். அந்தப் பய எகிறுறான். அவன் தலை எங்க வந்து நிக்கும்னு இவன் ஜோசியமா பாப்பான்? எல்லாம் கண்ணு சிமிட்டுற நேரம். மேல உக்காந்திருக்கறவன் காபியக் குடிச்சிக்கிட்டு மெதுவா ஓட்டிப் பாத்துட்டு தப்புங்கறான். மெதுவா ஓட்டிப் பாத்தா நான் உப்பு எடுக்கறதுகூடக் கொலை பண்ற மாதிரிதான் தெரியும்."

"தலைய நிமித்திப் போ, தோளால இடின்னு பால்வாடியிலேர்ந்து சொல்லித் தர்றாங்கல்ல?" என்றாள் மாவிஸ். பக்கத்து வீடு, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. "குனிஞ்சா தப்பு. இதுல ஜோசியம் எங்க வந்துச்சு?"

"சரி, தப்பு. அணியைப் பதினஞ்சு கஜம் பின்னால தள்ளி வை, போதாதா? பையனை எதுக்கு வெளிய தள்ளணும்?"

"கஜம் கல்லூரியோடது. தலை அந்தப் புள்ளையோடது, ஓடெல். கஜத்தை யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதில்ல."

"அப்ப ஆட்டத்தையே நிறுத்திடு. பாட்டுப் போட்டி வை."

"வச்சா நீதான் மொத ஆளா வந்து உக்காருவே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாவிஸ், என் வீட்ல உக்காந்து என் கோழியத் தின்னுக்கிட்டு, என் புள்ளைக்குக் கொடுத்த தண்டனை சரிங்கறியா?"

"கோழி நல்லாருக்கு, வெர்லீன். தண்டனையும் சரிதான்."

டேவியன் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தான். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அம்மா, அந்த லைட்டை அணைச்சிடேன்" என்றான். அணைத்தேன். "விட்லோ எப்படி இருக்கான்?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கை கால் அசைகிறதாம் என்று மாவிஸ் சொன்னாள். குழம்பில் உப்புப் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உப்புப் போட்டான். "விட்லோ எப்படி இருக்கான்?" என்று மறுபடியும் கேட்டான். ஓடெல் சிரித்து, "மாப்ளைக்குக் காதல் வந்துருச்சு போல" என்றான். நான் என்ன நினைத்தேன்? பிள்ளைக்கு ரோஷம், அவமானம், அதனால் முகத்தைக் காட்டாமல் இருக்கிறான் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தையும் சேர்த்து நடுவர்கள் கணக்கில் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் ரசிகர் சங்கத்தின் விருந்து. ஆட்டம் நடக்கிற மாதங்களில் ஒவ்வொரு வாரமும் முன்னாள் படைவீரர் மண்டபத்தில் நடக்கும். வறுத்த கெளுத்தி மீன், கீரை, ஐஸ் போட்ட இனிப்பு டீ. கோச் பிராஸ்வெல் வந்து சனிக்கிழமை ஆட்டத்தைத் திரையில் ஓட்டி விளக்குவார். அது முடிந்ததும் சங்கத் தலைவர் ஹாலிஸ் கிரீயர் இரும்புச் சட்டியை எடுப்பார்.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலிஸ் டயர் கடை வைத்திருக்கிறவர். சட்டி அவர் தாத்தா காலத்தது, கறுத்து மின்னும், ஒரு கையால் தூக்க முடியாது. அந்த வாரத்தில் எதிராளியை யார் ஓங்கி இடித்துச் சாய்த்தானோ அவனுக்குத்தான் அது. பையன் கையில் கொடுப்பார்கள், அவன் தன் அம்மா கையில் கொடுப்பான். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த திங்கள் அதிலேயே மக்காச்சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இருப்பது ஒரே ஒரு சட்டி. அது திரும்பி வந்தால்தான் அடுத்தவனுக்குப் பரிசு. டேவியன் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதற்காகக் காத்திருந்தேன். பொய் சொல்லவில்லை, அடுப்புக்கு மேலே அதை மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருந்தேன்.

"இந்த வாரம் யாருக்குன்னு நான் வேற சொல்லணுமா?" என்றார் ஹாலிஸ். மண்டபம் மேசையைத் தட்டியது. "மேல உக்காந்திருக்கறவங்க இதைக் குத்தம்னு சொல்லட்டும். நம்ம ஊர்ல இதுக்குப் பேரு ஃபுட்பால். இன்னிக்கே கோச் மேல்முறையீடு அனுப்புறாரு. படத்தை மறுபடி பாத்து தடையை நீக்கணும்னு கேக்கறோம். மோதல் வரைக்கும் வெட்டி வச்சிருக்கோம், மீதி அவங்களுக்கு வேண்டாம். கூடவே ஒரு தாய் பேசி அனுப்பினா எவன் மனசும் இளகும். மிஸ் வெர்லீன், நீங்க பேசணும்."

நான் பேசத் தயாராகத்தான் வந்திருந்தேன். என் வேலை கவுண்டி என்கிற எங்கள் வட்டார அரசு அலுவலகத்தில், வண்டி நம்பர் பிளேட் கொடுக்கிற ஜன்னலில். நாள் முழுக்க ஊரே வந்து என்னோடு வாய்ச்சண்டை போடும். பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெத்தையில் ஆரம்பித்து நடுவரின் கண்ணாடி வரை எல்லாம் மனதுக்குள் வரிசையாக இருந்தது.

"மொதல்ல படத்தைப் போடுங்க," என்றார் யாரோ. விளக்கை அணைத்தார்கள்.

திரையில் டேவியன் தொடையைத் தட்டிக் கட்டளை கத்தினான். விட்லோ எகிறினான். என் மகன் வந்தான். மண்டபம் ஓவென்றது. நானும் சிரித்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். படம் நிற்காமல் ஓடியது. சனிக்கிழமை நான் பார்க்காத பகுதி அது. அப்போது என் கண் முழுக்க மஞ்சள் துணி மேல் இருந்தது. திரையில் டேவியன் எழுந்தான். எழுந்தவன் எங்கள் ஆட்கள் நிற்கிற பக்கம் வரவில்லை. திரும்பி, நேராக மார்லோக்காரர்கள் நிற்கிற ஓரத்துக்கு நடந்தான்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பாருங்கடா, இடிச்சதும் இல்லாம நேரா அவனுங்க வீட்டுக்கே போறான்."

"இன்னும் எவன்டா இருக்கீங்கன்னு கேக்கப் போறான்."

"சிங்கம்ல."

மார்லோ அணியின் ஆள் ஒருவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, எங்கள் பக்கத்தைக் கையால் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. சிரித்ததெல்லாம் நாங்கள்தான்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றேன்.

"அம்மாவுக்கு ஆசை தீரல," என்றார் ஹாலிஸ். மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை நான் மோதலைப் பார்க்கவில்லை, நடையை மட்டும் பார்த்தேன். அவன் வலது முழங்கால் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. ஹெல்மெட்டின் தாடை வாரை அவிழ்க்கக் கை போகிறது, வாரைப் பிடிக்காமல் கன்னத்தைத் தடவுகிறது. மறுபடி போகிறது, மறுபடியும் கன்னம். ஐந்து வயதிலிருந்து தினமும் அவிழ்க்கிற வார் அது. தூக்கத்தில்கூட அவிழ்ப்பான். குழம்பில் இரண்டு முறை விழுந்த உப்பு என் நினைவுக்கு வந்தது. அணைக்கச் சொன்ன விளக்கு நினைவுக்கு வந்தது.

நான் திரும்பி டேவியனைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் படத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவன்தான். தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வந்தது. ஹாலிஸ் சட்டியை அவன் கையில் கொடுத்தார். அவன் என்னிடம் கொடுத்தான். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். யாரோ செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள்.

"பேசுங்க, மிஸ் வெர்லீன்."

"பேசறேன். கோச், இவன் எங்க நடந்து போறான்?"

கோச் பிராஸ்வெல் பதில் சொல்வதற்குள் ஹாலிஸ் முந்திக்கொண்டார். "சண்டைக்குப் போறான். உங்க ரத்தமாச்சே."

"உங்களைக் கேக்கல. கோச், இவனை யாராச்சும் பரிசோதிச்சாங்களா?"

"நேத்து காலைல எல்லாப் பசங்களையும் கேட்டோம்," என்றார் கோச். "நல்லாருக்கேன்னு சொன்னான்."

"சனிக்கிழமை?"

அவர் யோசித்தார். "சனிக்கிழமை... வெளிய அனுப்பிட்டாங்களே. நம்ம டாக்டர், மத்தவங்க எல்லாருமே விட்லோகிட்ட இருந்தாங்க."

"ஆக, இடி வாங்கினவனைப் பாக்க பத்துப் பேர். இடிச்சவனைப் பாக்க ஒருத்தன் இல்ல. இடிச்ச தலையும் தலைதானே?"

"அம்மா, உக்காரு," என்றான் டேவியன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உக்கார மாட்டேன். கோச், நீங்களே கேளுங்க. ஒவ்வொரு தடவையும் பந்து கிளம்பறதுக்கு முந்தி பின்வரிசைக்கு இவன்தானே கட்டளை கொடுக்கறான்? அந்த மோதலுக்கு என்ன கொடுத்தான்னு கேளுங்க."

இதை எங்கள் ஊரில் யாரும் விளக்கத் தேவையில்லை. எந்த விதமாகத் தடுப்பது என்பதற்கு எங்கள் அணியில் பறவைப் பெயர்கள் உண்டு. டேவியன் பெயரைக் கத்தி, கையால் சைகை காட்டுவான். ஒரு கட்டளையைக்கூட மறக்க மாட்டான். போன வருடம் எந்த ஆட்டத்தில் எதைக் கொடுத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்லி எங்கள் உயிரை எடுப்பான்.

கோச் அவன் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். "சொல்லுப்பா. என்ன கூப்பிட்டே?"

டேவியன் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தை இதற்கு முன்னால் அப்படி நான் பார்த்ததில்லை. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவன் முகம் அது. 

"கழுகு," என்றான்.

கோச் திரையைத் திரும்பிப் பார்த்தார். கழுகு என்றால் இரண்டு கையையும் விரிப்பார்கள். திரையில் அவன் தொடையைத் தட்டினான். தொடையைத் தட்டினால் காடை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"பையன் பயந்துட்டான்," என்றார் ஹாலிஸ், கொஞ்சம் சத்தமாக. "இத்தனை பேர் முன்னால கேட்டா எவனுக்கும் வாய் குழறும். டீயைக் குடிங்க எல்லாரும். கோச், சனிக்கிழமை யார் வர்றாங்கன்னு ஞாபகம் இருக்குல்ல? இந்தப் பையனோட வாழ்க்கைங்க."

"வாழ்க்கைதான்," என்றேன். சட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். "நானும் அந்தச் சட்டத்தைத் திட்டினேன். மெத்தைய எறிஞ்சேன். எறிஞ்சவளே சொல்றேன், அந்த நடுவர் துணியப் போடலன்னா அடுத்த ஆட்டத்துலயும் இவன் தலையக் குனிஞ்சுதான் போயிருப்பான், நானும் கத்தித்தான் இருப்பேன். முற்பாதி போதாது. முழு ஆட்டமும் இவன் வெளிய உக்காரணும். மனுவ அனுப்புறதுன்னா தாராளமா அனுப்புங்க, ஹாலிஸ். ஆனா நடையையும் சேத்து அனுப்புங்க. நீங்க வெட்டினா நான் வெட்டாம அனுப்புவேன்."

"ஊருக்கே எதிரா நிக்கறீங்க," என்றார் ஹாலிஸ்.

"நாள் முழுக்க அந்த ஜன்னல்ல அதைத்தானே செய்யறேன்."

கோச் பிராஸ்வெல் திரைக் கருவியின் ஒயரைப் பிடுங்கினார். "மனு போகாது," என்றார். பிறகு டேவியனின் கையைப் பிடித்தார். "வா, டாக்டர்கிட்ட போலாம்." டேவியன் அவர் கையை உதறினான். ஆனால் போனான். என்னைத் தாண்டும்போது நின்றான்.

"நீ எனக்கு அம்மாவா, நடுவரா?"

"ரெண்டும்தான்," என்றேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

மூளையில் அடி என்றார் டாக்டர். சாதாரணம் இல்லை, அந்த நிலையில் இன்னொரு இடி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். இருட்டறை, ஓய்வு, இந்த வருடம் ஆட்டம் கிடையாது. டேவியன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் பேசியது. கவுண்டி அலுவலகத்தில் என் ஜன்னலை விட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய் நின்றார்கள். நிற்கட்டும், அந்த வரிசை நகரவே நகராது. மளிகைக் கடையில் ஒரு பெண், பெற்ற மகனின் எதிர்காலத்தில் மண் அள்ளிப் போட்டவள் என்று என் காதில் விழும்படிச் சொன்னாள். "மண்ணுதானே, தட்டிவிட்டா போயிடும்" என்று சொல்லிவிட்டு என் பால் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன், அது வேறு விஷயம். ஓடெல் மட்டும் வந்து, "அக்கா, நான் சொன்னது பூராவும் தப்புன்னு ஒத்துக்க மாட்டேன், ஆனா பாதி தப்பு" என்று சொல்லி ஒரு கூடை பேரிக்காய் வைத்துவிட்டுப் போனான்.

ஒரு சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டு அவன் அறையைத் தாண்டும்போது பேச்சுக் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒட்டுக் கேட்டேன், ஆமாம், கேட்டேன்.

"உனக்கும் லைட்டு கண்ணுக்கு ஆகலையா?" என்றான். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "எனக்கும்தான். சுவரைப் பாத்துட்டு படுத்திருக்கேன். நீ பந்தைப் பிடிச்சது ஞாபகம் இருக்கா உனக்கு?" மறுபடி சத்தம் இல்லை. "எனக்கும் இல்ல, விட்லோ. சத்தியமா ஒண்ணுமே இல்ல."

துணியை அங்கேயே தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. ஆள் தேர்வு செய்கிறவரும் வந்தார், முற்பாதியைப் பார்த்தார், கோல்ட்வாட்டர் பையன் ஒருவனின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு விமானம் பிடிக்கப் போனார். ஆட்டம் தொடங்கும் முன் கடைசி வருடப் பிள்ளைகளின் நடை. டேவியன் சர்ச்சுக்குப் போடுகிற சூட்டில், கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். எல்லாப் பிள்ளைகளும் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். அவன் என்னிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நடந்தான். எங்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைதட்டல். மேல்வரிசையிலிருந்து ஒருவன், "மெத்தைக்காரி" என்று கத்தினான். நான் என் பெரிய சிவப்புத் தொப்பியைக் கழற்றி அவனுக்கு ஆட்டிக் காட்டினேன். நடு மைதானத்தில் டேவியன் அம்மாவுக்கென்று கொடுத்திருந்த பூவை என்னைப் பார்க்காமலேயே நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பகைத்துக்கொண்டாவது நடக்கிறானே, நேராக, வழி தப்பாமல் நடக்கிறானே, எனக்கு அது போதும்.

அடுத்த திங்கள் விருந்துக்கு நான் போகவில்லை. சட்டி என் வீட்டில், நான் அடித்த ஆணியில் தொங்கியது. ஹாலிஸ் முதலில் கடைப் பையனை அனுப்பினார். ரொட்டி இன்னும் சுடவில்லை என்று திருப்பி அனுப்பினேன். ஓடெல் போன் பண்ணி, "அக்கா, ஷெரிஃப்கிட்ட போவேங்கறாரு" என்றான். "போகட்டும். ஷெரிஃப் வண்டிக்கு இந்த மாசம் நம்பர் பிளேட் புதுப்பிக்கணும்" என்றேன். சாயங்காலம் ஹாலிஸே வந்து கதவைத் தட்டினார். நான் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் டேவியனின் அறைக் கதவு திறந்தது. அவனே போய் வாசலைத் திறந்தான். எனக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கொடுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, எப்படி இருக்கே? அம்மாவைக் கூப்பிடு. சட்டி வேணும். இந்த வாரம் ஹட்சனுக்கு."

ஹட்சன் முதல் வருடப் பையன். டேவியன் இடத்தில் ஆட வைத்தது அவனைத்தான்.

"எதுக்கு?" என்றான் டேவியன்.

"பாக்கலையா நீ? கோல்ட்வாட்டர்காரனை ஒரு இடி இடிச்சானே, மைதானமே அதிர்ந்துச்சு."

"பாத்தேன். குனிஞ்சு போனான். தலைல இடிச்சான்."

"துணி விழலையே."

"துணி விழலன்னா தலைக்குத் தெரியுமா, மிஸ்டர் கிரீயர்? ஹட்சன் எப்படி இருக்கான்? யாராச்சும் கேட்டீங்களா?"

ஹாலிஸின் குரல் இறங்கியது. அவரும் கெட்டவர் இல்லை, பாவம், அந்தச் சட்டியோடு வளர்ந்தவர். "தம்பி, அது எங்க குடும்பச் சட்டி. எங்க தாத்தாவோடது."

"தெரியும். சுரண்டாம, துரு ஏறாம வச்சிக்கறோம்."

"இப்ப கொடுத்துடு."

"அடுப்புல இருக்கு. ரொட்டி வேகுது. எடுத்தா கை சுட்டுடும்."

கதவைச் சாத்தினான். வெளியே ஹாலிஸ் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் அதைப் பற்ற வைக்கக்கூட இல்லை.

டேவியன் சமையலறைக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தான். ஆணியிலிருந்து சட்டியை இரண்டு கையாலும் இறக்கி அடுப்பில் வைத்தான். மண்டபத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"சோள மாவு எங்கம்மா இருக்கு? வேகுதுன்னு சொல்லிட்டேன். பொய்யாகக் கூடாது."